தங்கும் ஊரும் வாழும் ஊரும்

மாலை வேளையில் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து மின்ரயிலில் டோம்பிவிலிக்குத் திரும்பும் ஒருவரிடம், 'தங்களுக்கு எந்த ஊர்?' என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், டோம்பிவிலி என்ற பதில் வருவது அரிது. தஞ்சாவூர் என்பார், பாலக்காடு என்பார், ரத்னகிரி என்பார். பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வசித்து, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்தவராக இருக்கலாம். ஆயினும் டோம்பிவிலி அவருக்குத் தங்கும் இடம், அவ்வளவே.

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மறு ஆண்டே பாதை கல்யாண் வரை நீண்டது. பின்னாளில் அந்த இருப்புப்பாதையை ஒட்டியே புறநகர்கள் வளர்ந்தன. மாதுங்காவில் கூடி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல, வீட்டு விலை ஏற ஏற, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்தன. பெருநகரம் வேலை தரும். உறங்க இடம் தருவது எல்லோருக்கும் இயல்வதில்லை.

இப்படிக் குடிபெயர்ந்தவர்களில் ஆன்மிக நாட்டம் உள்ள சிலர் தம் நிலைக்கு ஒரு தத்துவ விளக்கமும் தருவதுண்டு. 'எனக்கு இந்த இடத்தில் பற்றில்லை. ஓடும் புளியம்பழமும் போல இருக்கிறேன்' என்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வைராக்கியம்தானா என்பதைக் குடியிருப்பின் அன்றாட நிகழ்ச்சிகளே காட்டிவிடும். தமது வாகனம் நிறுத்தும் இடத்தில் வேறொருவர் வண்டி நின்றால் புளியம்பழம் ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் அரை மணி குறைந்தால் சொசைட்டிக் கூட்டத்தில் முதல் குரல் அவருடையது. மூன்றாம் மாடியில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு உடல்நலமில்லை, இரவில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதுதான் பற்றின்மை திரும்பி வருகிறது. பெறும்போது உரிமையாளர், கொடுக்கும்போது விருந்தாளி! வைராக்கியத்தின் ஆடையை அணிந்துகொண்டு அங்கே நிற்பது அக்கறையின்மை.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. விடியற்காலையில் புறப்பட்டு, கூட்டத்தில் நசுங்கி நின்றபடியே சென்று, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவரிடம் ஊர்ப்பணி செய்யச் சொல்வது எளிது. களைப்பு குற்றமாகாது. எத்தனை மணி நேரம் ஒதுக்கினார் என்பதும் இங்கே கேள்வியன்று. கிடைக்கும் பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுக்காரர் அவர் கண்ணில் படுகிறாரா என்பதே கேள்வி.

வைதிக கர்மங்களின் தொடக்கத்தில் செய்யப்படும் சங்கல்பத்தில் காலத்தோடு இடமும் கூறப்படுகிறது. அது, செய்பவர் அப்போது அமர்ந்திருக்கும் இடம். பிறந்த கிராமம் அன்று. கோத்திரம் மட்டும் அவரோடு எங்கும் செல்கிறது. ஆகவே பிறந்த ஊரை மறக்க வேண்டும் என்பதில்லை. கோடை விடுமுறையில் குலதெய்வத்தைத் தரிசிக்கச் செல்வதும் தகும். ஆனால் கர்மம் நிகழ்வது இருக்கும் இடத்தில். இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளுள் மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் செய்யும் இரண்டு வேள்விகளை அவன் வேறெங்கே செய்ய முடியும்?

ஊர் ஊராகச் செல்லும் துறவிக்கும் சாஸ்திரம் ஓரிடத்தில் நிற்கும் காலம் ஒன்றை வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் அவர் பயணத்தை நிறுத்திவிட வேண்டும், அதுவே சாதுர்மாஸ்யம். ஈர மண்ணில் தலைகாட்டும் முளைகளும் ஊர்ந்து செல்லும் சிற்றுயிர்களும் காலடியில் மிதிபடக் கூடாது என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. தமக்கென்று ஊரே இல்லாதவர், காலடி மண்ணில் உள்ள ஒரு பூச்சிக்காக நிற்கிறார். பற்றின்மை அருகில் இருப்பதை மறைப்பதில்லை. 'எனது' என்ற திரை விலகுவதால் அது இன்னும் தெளிவாகவே தெரிகிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில்கள் நின்றன. அலுவலகம் சென்றவர்கள் இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்தார்கள். வழியிலிருந்த வீடுகளின் கதவுகள் திறந்தன. முன்பின் அறியாதவர்களுக்குத் தேநீரும் உலர்ந்த துணியும் கிடைத்தன. 'தங்களுக்கு எந்த ஊர்?' என்று அன்று யாரும் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை. நீர் வடிந்தது, ரயில்கள் ஓடின. பழையபடி கதவுகள் சாத்திக்கொண்ட அடுக்குமாடிகளும் உண்டு. ஆறு வாரங்களில் வந்த விநாயக சதுர்த்திக்கு, அன்றிரவுதான் முதன்முதலில் பெயர் கேட்டறிந்த பக்கத்து வீட்டாரை மோதகம் உண்ண அழைத்த வீடுகளும் உண்டு.