மயிலை நீலம்

தை மாதம் இடக்கண், மாசியில் வலக்கண். இரண்டிலும் புரை எடுத்தாகிவிட்டது. சொட்டு மருந்து பாட்டில் பையில் இருக்க, பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் மயிலாப்பூருக்குப் போனேன். பார்வை இழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் இதே வரிசைதான்: இடக்கண் காஞ்சியில் கிடைத்தது, வலக்கண் திருவாரூரில். அவரோடு என்னைச் சேர்த்துப் பேச எனக்கு என்ன தகுதி? ஆனாலும் கட்டு பிரித்த காலையில், எதிர்வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த ஒரு நீலச் சேலையைப் பார்த்துத் தேம்பி அழுதபோது, என் வாயில் வந்தது அவர் பெயர்தான்.

நீலம் அப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. புரை விழுந்தால் பார்வை மங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மங்குவதோடு போவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுப்பேறிப் பழுப்பேறி, நீலத்தை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் இழந்தது இன்னதென்றே தெரிவதில்லை. உடனே என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். கடைசி மூன்று வருஷத்துப் படங்களில் கபாலி கோயில் குளத்துக்கு நீலம் போதவில்லை, போதவில்லை என்று அப்பி வைத்திருக்கிறேன். தாள் அந்த இடத்தில் கன்றிக் கிடக்கிறது.

முப்பது வருஷமாகச் சித்திரம் எழுதுகிறேன். வரைகிறேன் என்பதைவிட எழுதுகிறேன் என்று சொல்லவே எனக்குப் பிடிக்கும். அதுதான் பழைய தமிழ். போஸ்ட் கார்டு அளவு நோட்டு, பன்னிரண்டு வண்ண வில்லைகள் உள்ள டப்பா, ஒரு பென்சில், ஒரே ஒரு பிரஷ். சட்டைப் பையிலும் தோள் பையிலுமாக அடங்கிவிடும். இஸ்திரி வண்டிக்காரர், நிழற்குடையில் தலை சாய்ந்து தூங்கும் காவலாளி, டீக்கடை பெஞ்ச், மழைக்குச் சாக்கு போர்த்திய தள்ளுவண்டி. இவைதான் என் படங்கள். என் அம்மா ஆனந்த விகடனில் சில்பி எழுதிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ படங்களைக் கத்தரித்துப் பூஜை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எனக்குக் கை வந்தது. அவர் தெய்வங்களை எழுதினார். நான் தெருவை எழுதுகிறேனே என்று வெகுநாள் ஒரு குறை இருந்தது. அந்தக் குறை அன்றைக்குப் போயிற்று.

எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் விழா. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்த வணிகர் மகள் அவள். தகப்பனார் சிவநேசர் சாம்பலையும் எலும்பையும் குடத்தில் இட்டுக் காத்திருந்தார். ஞானசம்பந்தர் வந்தார், பாடினார், பெண் எழுந்து வந்தாள். பால்யத்திலிருந்து கேட்ட கதை. கூட்டத்தில் நின்று ஓதுவார் குரலில் அந்தப் பதிகத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எமனோடு வாதாடுகிற பாட்டு இல்லை அது. இந்த ஊரில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லும் பாட்டு. அடியாருக்குச் சோறிடுவது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், பொன்னூசல். கார்த்திகைப் பாட்டில் மயிலைப் பெண்களின் வளையல் கைகள்கூட வருகின்றன. இத்தனையும் காணாமலா நீ போவது என்றுதான் சம்பந்தர் கேட்கிறார், பாட்டுக்குப் பாட்டு.

ஊரைக் காட்டித்தான் உயிரை அழைத்திருக்கிறார்! ஒரு கை, ஒரு வளையல், ஒரு விளக்கு. சாம்பல் கேட்டுக்கொண்டிருந்தது, பார்க்கும் ஆசை வந்தது, எழுந்துவிட்டது. நான் குளத்துப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் வானம் விழுந்து கிடந்தது, மயில் கழுத்து நிறத்தில். அம்பாள் மயிலாக இருந்து பூசித்த ஊர் இது. அந்த நிறத்தை அவள் இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படியேதான் நம்புகிறேன்.

மத்தியானம் நாயன்மார் அறுபத்துமூவர் புறப்பாடு. மாட வீதியில் எள் போட்டால் எள் விழாது. நீர்மோர் பந்தல், பானகம், தட்டுத் தட்டாகப் புளியோதரை. ஒரு கடைப்படியில் பூக்காரம்மா ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

“இன்னா சார் எழுதினு கீறீங்க?”

எழுதுவது என்றே கேட்டாள்! “உங்க கையைத்தாம்மா.”

“என் கையா? அதுல இன்னா சார் கீது?” என்று சிரித்தாளே தவிர, கை நிற்கவில்லை. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து, வாழைநாரை ஒரு சுற்று, விரலில் ஒரு கண்ணி, சுண்டி ஓர் இழுப்பு. முடிச்சு விழுந்த பூ நகர்ந்து, அடுத்த நான்கு மொட்டு வந்துவிடும். கட்டைவிரல் நகத்தின் ஓரம் காம்பின் பச்சை ஏறியிருந்தது. ஈரத்திலேயே கிடந்த விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் நார் ஓடி ஓடி ஒரு கோடு பள்ளமாகவே விழுந்திருந்தது. பென்சில் அந்தக் கோட்டுக்கு வந்ததும் என் மூச்சு நின்று வந்தது. எத்தனை வருஷத்துப் பூ, எத்தனை சாமிகளுக்குப் போன பூ, அந்தப் பள்ளத்தின் வழியாகப் போயிருக்கும்!

பூக்களுக்கு அடியில் விரித்திருந்தது ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள். வாட்டர் கலரில் வெள்ளையைப் பூசக் கூடாது, தாளைத் தொடாமல் விட்டால் அதுவே வெள்ளை என்பது பழகியவர்களுக்குத் தெரியும். மொட்டுகள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டே போனேன். ஒரு பூவைக்கூட நான் எழுதவில்லை. பூ தானே வந்து உட்கார்ந்தது. மணம் வேறு, தாளிலிருந்து வருகிறதா கூடையிலிருந்து வருகிறதா என்று தெரியாமல்.

அதற்குள் பல்லக்குகள் வரத் தொடங்கிவிட்டன. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். திருநீலகண்டர், குயவர். திருக்குறிப்புத்தொண்டர், துணி வெளுத்தவர். அதிபத்தர், நாகப்பட்டினத்து மீனவர். நேசர், நெசவு நெய்தவர். “முருக நாயனார்டா, திருப்புகலூர்ல பூக்கட்டினவர்” என்றார். என் பிரஷ் அப்படியே நின்றது. பல்லக்கில் ஒரு பூக்கட்டி. படியில் ஒரு பூக்கட்டி. பல்லக்கைச் சுமந்தவர்களின் தோளில் காய்த்த மேடுகள், அதில் வழியும் வியர்வை. நெற்றியில் திருநீறு கரைந்த குயவர்களும் வண்ணார்களும் மீனவர்களும் வீதி முழுக்க நின்றார்கள். செம்பில் செய்த முகங்களும் தோலில் செய்த முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முப்பது வருஷமாக நான் எழுதி வந்தவர்கள் யார் என்று யாரோ எனக்குச் சொல்லிவிட்டார்கள். இஸ்திரி வண்டிக்காரரின் முகம் நினைவில் வந்தது. அவர் கன்னத்தில் கரி பட்டிருந்த இடம் உட்பட. சிவ சிவா, இத்தனை நாளும் பல்லக்கு இல்லாத புறப்பாட்டைத்தானே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

இந்த ஊரில் பிறந்த வாயிலார் நாயனார் வாய் திறவாமலே பூசை செய்தார். மனசே கோயில், மௌனமே அர்ச்சனை. காலையில் அவர் சந்நிதியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: கண் கொடுத்தீர்கள், கையும் ஆடாமல் இருக்கட்டும்.

கை ஆடவில்லை. கண்ணீர்தான் நிற்கவில்லை. ஒரு துளி நீலத்தின் மேல் விழுந்து, அங்கே மட்டும் வண்ணம் வெளிறிப் பரவியது. துடைக்கவில்லை.

அடுத்த பல்லக்கு நெருங்கி வந்துவிட்டது. சங்கு, உடல் மேளம், கொம்பு, எல்லாம் சேர்ந்து காதை அடைத்தன. வீதி மொத்தமும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியது. பூக்காரம்மாவும் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள். பிறகு நோட்டும் பிரஷுமாகக் குனிந்திருந்த என்னைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“சாமி வருது சார், கும்புடுங்க!”

“கும்பிட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்.”

தாளை எட்டிப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பூக்கூடையைத் தூக்கிக் கூட்டம் நெருக்கும் பக்கமாக வைத்து, என் முழங்கையில் யாரும் இடிக்காதபடி தானும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு அடுத்த நான்கு மொட்டை எடுத்தாள்.