படைவிலக்கமும் வாக்காளர் ஆணையும்

போர்க்களத்திலிருந்து படையைத் திரும்ப அழைக்கும் முடிவில் தேர்தலுக்கு எவ்வளவு இடம் தரலாம்? இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையின் வரலாறு இந்த அறக்கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது. 1987 ஜூலை 29-இல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி சென்ற அப்படை, அக்டோபர் முதல் விடுதலைப் புலிகளுடன் போரிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மடிந்தனர். தமிழ்ப் பொதுமக்களும் பெருந்தொகையில் உயிரிழந்தனர்.

படை திரும்பியதன் பின்னணியில் மூன்று தேர்தல்கள் உள்ளன. 1988 டிசம்பரில் இந்தியப் படையை வெளியேற்றுவேன் என்று கூறி பிரேமதாச இலங்கை அதிபர் தேர்தலில் வென்றார். 1989 ஜனவரியில் தமிழகத்தில் ஆட்சியைப் பிடித்த தி.மு.க., படையின் போக்கைக் கண்டித்தது. அவ்வாண்டு நவம்பரில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்தார். அவர் காலத்திலேயே தொடங்கிய விலக்கத்தை வி.பி. சிங் அரசு 1990 மார்ச்சில் முடித்தது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி செல்லவில்லை.

படையை அனுப்புவது மக்களின் பெயரால். எனவே அதைத் திரும்ப அழைக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் வாக்கிலிருந்து போரைப் பற்றிய தீர்ப்பைப் பிரித்தெடுப்பது அரிது. 1989 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் தி.மு.க. ஓரிடமும் பெறவில்லை. திருச்சிராப்பள்ளித் தொகுதியிலும், படையை அனுப்பிய காங்கிரசே வென்றது. கூட்டணி, விலைவாசி, உள்ளூர்ச் செல்வாக்கு எல்லாம் ஒரே வாக்கில் கலந்திருந்தன.

இதைவிடக் கனமான சிக்கல், விளைவைச் சுமந்தோருக்கு இந்தியாவில் வாக்கு இல்லை என்பது. இந்தியாவை நம்பி வடகிழக்கு மாகாண சபையை நடத்திய வரதராஜப் பெருமாள் நாட்டை விட்டே வெளியேறினார். அவரைச் சார்ந்தோர் புலிகளின் பழிவாங்கலுக்கு ஆளாயினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அகதிகள் பெருந்திரளாகத் தமிழகம் வந்தனர். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஈழத்தமிழர் குடும்பங்கள் தலைமுறை கடந்தும் வாழ்கின்றன.

ஆகவே, போரை நிறுத்தும் அதிகாரத்தை வாக்கு தரலாம். நம்பியவர்களைக் கைவிடும் அதிகாரத்தைத் தராது. விலகும் நாளைக் களநிலையும் எஞ்சியோரின் பாதுகாப்பும் முடிவுசெய்ய வேண்டும். கொள்கையின் பிழைக்கு அதை வகுத்தவர்களே பொறுப்பு. ஆணைக்குப் பணிந்த வீரர்மேல் அதைச் சுமத்தக் கூடாது. களத்தில் குற்றம் நடந்திருந்தால் அதை விசாரிக்கும் கடமையும் படை திரும்பியதோடு தீர்ந்துவிடாது. தஞ்சம் தேடி வந்தோர்க்கு உரிமையோடு கூடிய வாழ்வு தருவது, படையை அனுப்பிய நாட்டின் எஞ்சிய கடன்.