காவலும் ஐயமும்

2006இல் இலண்டனில் திரவ வெடிமருந்துச் சதி வெளிப்பட்டபின் விமானப் பயணிகளுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பு வந்தது. அதனை நாம் குறை கூறோம். தீப்பற்றும் என்று தேங்காயையும் கைப்பையில் தடுத்தனர். ஆயினும் சபரிமலை அடியார்களின் இருமுடித் தேங்காய்க்கு 2024 அக்டோபரில் விலக்களித்தனர். ஊடுகதிராலும் வெடிமருந்துத் தடயக் கருவியாலும் சோதித்தபின் கொண்டுசெல்லலாம் என்றனர், அதுவும் 2025 சனவரி 20 வரையில். மறுநாள் அதே காய் ஆபத்தாகிவிடுமோ? சோதித்துத் தெளிய இயலுமெனில், ஏனையோர் காய்க்கு மட்டும் ஏன் இயலாது?

தவறாக விடுத்த காவலருக்குத் தண்டனை உண்டு. தவறாகத் தடுத்தவரை வினவுவாரில்லை. கோப்புகளோடு உழலும் நம்போன்ற எழுத்தர்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. "விதியில் இடமில்லை" என்றெழுதிக் கையொப்பமிட்டால் நமக்குத் தீங்கில்லை. அவ்வெச்சரிக்கையின் விலையைக் கொடுப்பவரோ, தில்லியிலுள்ள பேரனுக்கென்று ஊரிலிருந்து மாவடு சுமந்துவந்த மூதாட்டி.