பழுது பார்ப்பதா, புதிதாக்குவதா?

 

கெட்டுப்போன ஒன்றைச் சரி செய்வதா, தள்ளிவிட்டுப் புதிதாக எடுப்பதா? கடற்கரையில் பிழைக்கிற ஜனத்துக்கு இந்தக் கேள்வி தினமும் வருகிறது. நம் விசுவாச சகோதரர் ஒருவருக்கும் வந்தது. அலையில் பைபர் படகு கவிழ்ந்து, ஓடிக்கொண்டிருந்த அவுட்போர்டு இன்ஜின் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆட்களுக்குச் சேதமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இன்ஜினைத் தூக்கிக் கரை சேர்த்த பிறகு என்னிடம் கேட்டார்: "பாஸ்டர், இத வேல பாக்கவா, வட்டிக்கு வாங்கிப் புதுசு எடுக்கவா? விசுவாசம் இருந்தா புதுசுதானே எடுக்கணும்?"

பிரியமானவர்களே, விசுவாசத்தைப் பொருளின் புதுமையால் அளக்கக்கூடாது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் நம் ஆண்டவர்தானே (லூக்கா 14:28). ஆனாலும் கணக்கு என்றால் ரூபாய்க் கணக்கு மட்டுமல்ல. நடுக்கடலில் நின்று போகக்கூடிய இன்ஜினை மாட்டி நாலு பேரை அனுப்புவது சிக்கனமாகாது. அந்த நாலு பேரின் பெண்டு பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சரி வராது என்று தெரிந்தால், கடன் இல்லாமல் வாங்கும் வழியைத் தேடிப் புதிது எடுப்பதே நீதி. பழையதை விற்கும்போது "தண்ணியில விழுந்தது" என்று வாங்குகிறவரிடம் சொல்லி விற்பதும் நீதி. கள்ளத்தராசு என்பது கடையில் மட்டும் இருப்பதல்ல (நீதிமொழிகள் 11:1).

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? மெக்கானிக் சொன்னதைக் கேட்டு நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஓடுகிற இன்ஜின் முங்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதனால் கனெக்டிங் ராடு வளையலாம். எனவே உடனே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக்கூடாது. பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஆயில் விட்டு, அன்றைக்கே வேலை பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்முக்குள் முக்கி வைக்க வேண்டும். "காயட்டும்" என்று வெயிலில் போட்டால் போச்சு. உப்பு பட்ட இரும்பில் காற்றுப் பட்டதும் துரு ஓட ஆரம்பித்துவிடும்.

பிறகு திறந்து பார்த்துத்தான் முடிவு. ராடு, பேரிங், சீல், ரிங் எல்லாம் மாற்றலாம். சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் போரிங் போடலாம். பிளாக்கே விரிந்தோ, உப்பு தின்றோ போயிருந்தால் அதன்மேல் பணம் போடுவது வீண். நம் சகோதரரின் இன்ஜினில் ராடு வளைந்திருந்தது, பிளாக் நன்றாக இருந்தது. வளைந்ததை மாற்றினார், இன்ஜினை வைத்துக்கொண்டார்.

வேதத்திலும் இந்த இரண்டும் உண்டு. தண்ணீரில் விழுந்தது இரவல் கோடரி. எலிசாவின் நாளில் தேவன் புதுக் கோடரி தரவில்லை, விழுந்த இரும்பையே மிதக்கப் பண்ணினார் (2 இராஜாக்கள் 6). குயவன் கெட்டுப்போன அதே களிமண்ணை மறுபடி வனைந்தான் (எரேமியா 18). ஆனால் கல்லான இருதயத்துக்கு ஒட்டுப் போடுவதாகத் தேவன் சொல்லவில்லை. அதை எடுத்துப்போட்டு வேறொன்றைத் தருவதாகவே வாக்குப்பண்ணினார் (எசேக்கியேல் 36:26). மாற்றப்படுவது பாவ சுபாவம். காப்பாற்றப்படுவது மனுஷன்.

நாமோ பல சமயம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நமது கோபம், குடி, பொறாமை இவைகளுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுகிறோம். விழுந்துபோன சகோதரனையோ தூக்கி எறிந்துவிட்டு, அவன் இடத்தில் வேறொரு ஆளை வைத்துவிடுகிறோம். பவுல் மாற்குவை விட்டுவிட்டு சீலாவைக் கூட்டிக்கொண்டு போனார் (அப். 15). ஆனால் கடைசி நாட்களில், "அவன் எனக்கு உதவியானவன், கூட்டிக்கொண்டு வா" என்ற கருத்தில் எழுதினார் (2 தீமோ. 4:11). இடையில் மாற்குவை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பர்னபா இருந்தார்!

யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு 4:21 சொல்லுகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே வரும் அதே வினைச்சொல்தான், தவறினவனைச் சாந்தத்தோடே சீர்ப்படுத்தச் சொல்லும் கலாத்தியர் 6:1-லும் வருகிறது. வலை கிழிந்தது என்று எந்த மீனவனாவது வலையைத் திட்டிக் கொண்டிருப்பானா? மடியில் போட்டு உட்காருவான்.

இரண்டு மூன்று வாரமாக ஆராதனைக்கு வராத ஒருவரின் முகம் இப்போது உங்கள் மனதில் வருகிறதா? "தானாக வரட்டும்" என்று விடாதேயுங்கள். துரு காத்திருக்காது. இழுத்துப் பிடித்து விசாரணை பண்ணாமல், முதலில் ஜெபத்தோடும் அன்போடும் போய்ப் பாருங்கள். இன்றைக்கே போங்கள். சீர்ப்படுத்துகிற தேவன் உங்களோடேகூட வருவார். அல்லேலூயா! ஆமென்.