அறியாமல் செய்த வினையும் அறிந்தபின் வரும் கடமையும்

ஒரு கதையை முதன்முறை படிக்கும்போது அதன் வேகம் நம்மை இழுத்துச் செல்கின்றது. முடிவு தெரிந்தபின் மீண்டும் படிக்கும்போதுதான், அம்முடிவை நோக்கிக் கதைமாந்தரைத் தள்ளியவர் யார் என்பது விளங்குகின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு 1985இல் வெளியிட்ட 'எண்டர்ஸ் கேம்' என்னும் விண்வெளிப் புதினம் இத்தகைய மறுவாசிப்புக்கு உரியது. 1977இல் சிறுகதையாக வெளிவந்து, பின்னர்ப் புதினமாக விரிந்த இந்நூல், அறிவியல் புனைகதைக்கான நெபுலா, ஹியூகோ ஆகிய இரு பரிசுகளையும் பெற்றது.

கதை தொடங்கும்போது எண்டர் ஆறு வயதுச் சிறுவன். பூச்சியை ஒத்த வேற்றுலக இனத்தின் படையெடுப்பை இருமுறை கண்டு அஞ்சிய மனிதகுலம், அடுத்த போருக்கான தளபதியைக் குழந்தைகளிடையே தேடுகின்றது. கர்னல் கிராஃப் அவனை விண்வெளியிலுள்ள போர்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றார். எடையற்ற கூடத்தில் அணிகள் மோதும் பயிற்சியில், எதிரியின் வாயில் இருக்கும் திசையே 'கீழ்' என்று எண்ணுமாறு எண்டர் தன் அணியினருக்குக் கற்பிக்கின்றான். திசையைப் பற்றிய எண்ணத்தை மாற்றியே வெற்றி காணும் அந்த அறிவுத்திறன் முதல் வாசிப்பில் நம்மை மயக்குகின்றது.

மறுவாசிப்பில் கண்ணில் படுபவர்கள் பெரியவர்களே. ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். எவரும் உதவிக்கு வாரார் என்ற எண்ணம் எண்டரிடம் ஊன்ற வேண்டும் என்பதற்காகவே அவனை மற்றச் சிறுவரிடமிருந்து பிரிக்கின்றனர். தன்னைத் தாக்க வந்த இரு சிறுவரை அவன் வெவ்வேறு காலங்களில் எதிர்த்து அடிக்கின்றான், இருவரும் இறந்துவிடுகின்றனர். அச்செய்தியை அவனிடம் மறைத்துவிடுகின்றனர்.

இறுதித் தேர்விலும் மறைப்பே நிகழ்கின்றது. எதிரிக் கப்பல்களின் பெருந்திரளைக் கண்டு சலித்த எண்டர், எதிரியின் கோளையே அழித்துவிடுகின்றான். இவ்வாறு விதியை மீறினால் தன்னைத் தகுதியற்றவன் என விலக்கிவிடுவர் என்பது அவன் எண்ணம். ஆனால் அது தேர்வன்று, மெய்யான போர். ஓர் இனமே அழிந்துவிட்டது. எதிரியின் உள்ளத்தை உணரும் பரிவுடையவனே எதிரியை வெல்ல முடியும். அத்தகையவன் உண்மை அறிந்தால் கொல்ல மாட்டான். ஆகவே அவன் அறியாதிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தனர். அவனுடைய பரிவையே படைக்கலம் ஆக்கினர்.

அப்படியாயின், குற்றவாளி யார்? நோக்கமும் அறிவும் இல்லாத செயலுக்குக் குற்றம் சாட்டுதல் முறையன்று என்பது அறவியலார் பலரின் கருத்து. அவ்வகையில் எண்டர் குற்றமற்றவனே. அறிவை மறைத்தவர்க்கே பழி உரியது. மனிதகுலத்தைக் காக்கவே மறைத்தோம் என்று அவர்கள் கூறலாம். ஆனால், மனிதரும் சிந்திக்கும் உயிர்கள் என்பதை உணர்ந்த அவ்வினம் மீண்டும் படையெடுக்கும் எண்ணத்தையே கைவிட்டிருந்தது. அச்சம் உண்மையை விசாரிக்கவில்லை.

எனினும், எண்டர் தன் அறியாமையின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அழிந்த இனத்தின் வரலாற்றை அவர்கள் நோக்கிலிருந்து எழுதுகின்றான்; எஞ்சிய ஓர் அரசியின் கூட்டைச் சுமந்து, அவ்வினம் மீண்டும் வாழ இடம் தேடிப் புறப்படுகின்றான். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை அவன் வாழ்வு உணர்த்துகின்றது. குற்றத்தைப் பிறர் நம்மீது சுமத்துகின்றனர். பொறுப்பையோ நாமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர்க்கு இக்கதை ஓர் எச்சரிக்கை. கூர்மதியுள்ள மாணவன் நம் கையில் கிடைக்கும்போது, அவனைப் பள்ளியின் பெயருக்கும் பரிசுக் கோப்பைக்கும் உரிய கருவியாகக் கருதும் ஆசை எழக்கூடும். கிராஃப் கொடியவர் அல்லர், எண்டர்மீது அன்புடையவர். அவ்வன்பு அவனைக் காக்கவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. 'எதற்காக இதைச் செய்கின்றேன்?' என்று மாணவன் கேட்கும் உரிமையை மறுத்துவிட்டு அளிக்கும் திறன், பயிற்சி ஆகலாம், கல்வி ஆகாது. அவன் அறிவைத் தீட்டும் கையே, அவ்வறிவு எங்கே பாயப்போகின்றது என்பதையும் அவனுக்குக் காட்ட வேண்டும்.