வரப்போகிறவன்

2015 மார்ச் 26-ந் தேதி இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். உள்ளூர் அணியான ஸேபர்ஸும், அரிஸோனா கயோட்டீஸும் ஆடின. நேஷனல் ஹாக்கி லீகில் அந்த வருஷம் இருந்த 30 அணிகளில் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை இவைதான். ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. அரிஸோனாவின் ஸாம் காக்னர் கோல் போட்டார். அரங்கிலிருந்த உள்ளூர் ஜனங்கள் ஆரவாரித்தார்கள். எதிரணி ஜெயித்ததற்காக, தங்கள் அணி தோற்றதற்காக.

அந்தக் கூட்டத்தில் என் நண்பன் ஒருவன் இருந்தான். அப்போது அந்த ஊரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவன். அங்கே போய்த்தான் இந்த ஆட்டத்தின் மேல் பித்தானவன். சென்ற வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "நான் செஞ்சது தப்பாடா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பத்து வருஷம் ஒருவன் மனசில் வைத்திருந்து கேட்கிற கேள்வியை வெறும் சிரிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு இயலவில்லை. அன்று ஏதோ மழுப்பினேன். இப்போது யோசித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், தோல்வியை விரும்பச் செய்த அந்த ஏற்பாட்டைப் பற்றி. லீகுக்குள் புதிதாக வருகிற இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. 1963-இல் மாண்ட்ரியலில் ஒரு ஹோட்டலில் இது தொடங்கியபோது ஆறே அணிகள். தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்கள் 21 பேர். அதற்கு முன்பு பெரிய அணிகள் சிறுவர் குழுக்களுக்குப் பணம் கொடுத்து, அங்கு ஆடும் பையன்களின் எதிர்காலத்தையே தங்கள் பேரில் எழுதி வாங்கிவைத்திருந்தன. வலுத்தவன் மேலும் வலுப்பான் என்ற அந்த நிலையை மாற்றியது டிராஃப்ட். பலஹீனமானவனுக்கு முதல் பங்கு என்பது சாதாரணக் கருத்தல்ல. ஏற்றத்தாழ்வுகள், மிகக் கீழே இருப்பவனுக்குப் பயன்படும்வரைதான் நியாயம் என்று ஜான் ரால்ஸ் 1971-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே வியாபாரிகள் ஓர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட அதைச் செய்துகாட்டிவிட்டார்கள்.

ஆனால் ரால்ஸ் நினைத்துப்பார்த்த ஏழை, ஏழையாக இருப்பதென்று தீர்மானித்து ஏழையானவனல்ல. பலஹீனத்துக்குப் பரிசு உண்டென்று தெரிந்தபின் பலஹீனமே ஒரு திட்டமாகிவிடுகிறது. 1983-84 பருவத்தில் பிட்ஸ்பர்க் 38 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. நியூ ஜெர்ஸி 41. இடையில் இருந்த மூன்று புள்ளிகளின் விலை மரியோ லெமியூ என்ற பதினெட்டு வயதுப் பையன். பருவத்தின் நடுவே பிட்ஸ்பர்க் தன் சிறந்த தடுப்பாட்டக்காரரான ராண்டி கார்லைலை விற்றுவிட்டது. தேவலாம் என்றிருந்த கோல்கீப்பரைக் கீழ்மட்ட அணிக்கு அனுப்பிவிட்டு அவரைவிடச் சுமாரான ஒருவரை நிறுத்தியது. லெமியூ கிடைத்தார். 1991-லும் 1992-லும் கோப்பை கிடைத்தது. 1993-இல் ஒட்டாவாவும் ஸான் ஹோஸேவும் ஆளுக்கு 24 புள்ளிகளோடு அடிமட்டத்தில் கிடந்தன. ஒரு வெற்றி குறைவு என்ற தகுதியில் ஒட்டாவா முதல் தேர்வைப் பெற்று அலெக்ஸாந்த்ர் டேய்கை எடுத்தது. வேண்டுமென்றே தோற்றார்களா என்று விசாரணை நடந்தது, நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1995 முதல் லீக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. கடைசி இடத்துக்கு வாய்ப்பு அதிகம், நிச்சயம் கிடையாது. பாவத்தைத் தடுக்க வழியில்லாதபோது பாவத்தின் பலனையாவது சந்தேகத்துக்குரியதாக்கிவிடுவது என்ற இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. மனுஷ சுபாவத்தை அறிந்தவர்கள் செய்தது.

2015-இன் விதிப்படி கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 20 சதவீத வாய்ப்பு. குலுக்கல் முதல் இடத்துக்கு மட்டும்தான் என்பதால் அது தவறினாலும் இரண்டாவது தேர்வு நிச்சயம். அந்த வருஷம் காத்திருந்தவர்கள் இருவர்: கானர் மக்டேவிட், ஜாக் ஐக்கெல். மக்டேவிட் அப்போது பஃபலோவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் ஈரி நகரத்தின் இளைஞர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தால் இருவரில் ஒருவர் உறுதி. இந்தக் கணக்கு பஃபலோவில் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. நிர்வாகத்துக்கும் தெரியும்: பிப்ரவரியில் ஒரு கோல்கீப்பரையும் மார்ச்சில் இன்னொருவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தது.

என் நண்பனின் தரப்பை அவன் சொன்னதைவிடப் பலமாகவே சொல்லிப்பார்க்கிறேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விதி எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் முழுமூச்சோடுதான் ஆடினார்கள், அதிலே கலப்படமில்லை. ரசிகன் ஒரு இரவின் ரசிகனல்ல. இருபது, முப்பது வருஷங்களுக்கு ரசிகன். இந்த இரவை விட்டுக்கொடுத்து அந்த வருஷங்களை அவன் கேட்டால் அது துரோகமல்ல, நீண்ட விசுவாசம். நோயாளி கசப்பு மருந்தைச் சிரித்துக்கொண்டு குடித்தால் அவன் கசப்பை விரும்புகிறான் என்றா அர்த்தம்?

இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். உடன்பட முடியாத இடம் எதுவென்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. அணியை மறுபடி கட்டுகிற காலத்தில் ரசிகர்கள் பேசுகிற பேச்சை நண்பன் மணிக்கணக்கில் நடித்துக்காட்டுவான். அதைக் கேட்டபோதுதான் பிடிபட்டது. கையிருப்பில் சிறந்தவனை எடுப்பதா, அணியில் ஓட்டை எங்கோ அதை அடைப்பவனை எடுப்பதா? தடுப்பாட்டக்காரர்கள் முதிர நாளாகும், கோல்கீப்பர்கள் இன்னும் அதிக நாளாகும், காத்திருக்கத் தயாரா? உயரமா, கைநேர்த்தியா? முப்பது வயதான ஆளை இப்போதே விற்றால் இரண்டாம் சுற்றில் ஒரு தேர்வு கிடைக்கும், அடுத்த வருஷம் அதுவும் கிடைக்காது. எல்லாம் கூர்மையான விவாதங்கள். கேவலமாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இருக்கிறவனைப் பற்றிப் பேசும்போது குறைகளின் மொழி. வரப்போகிறவனைப் பற்றிப் பேசும்போது சாத்தியங்களின் மொழி. இருக்கிறவன் முந்தாநாள் எங்கே எதைத் தவறவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். வரப்போகிறவன் இன்னும் எதையும் தவறவிடவில்லை. இந்தப் போட்டியில் இருக்கிறவன் எப்படி ஜெயிக்க முடியும்?

இதே பஃபலோ அணியின் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1974-இல் தேர்வைத் தொலைபேசி மூலம் ரகசியமாக நடத்தினார்கள். முடிவில்லாமல் நீண்ட அந்தச் சடங்கில் சலித்துப்போன பஃபலோ மேலாளர் பன்ச் இம்லாக், 183-வது தேர்வாக தாரோ த்ஸுஜிமோட்டோ என்ற ஜப்பானிய ஆட்டக்காரரின் பெயரைச் சொன்னார். டோக்கியோ கட்டானாஸ் அணியைச் சேர்ந்தவர் என்றார். லீக் ஏற்றுப் பதிவு செய்துகொண்டது. அப்படி ஒரு ஆளும் கிடையாது, அணியும் கிடையாது. விஷயம் வெளிப்பட்டபின் பதிவேட்டில் அது செல்லாத தேர்வாக மாற்றப்பட்டது. ஆனால் பஃபலோ ரசிகர்கள் அவரை விடவில்லை. அணி திணறும் ஆட்டங்களில் தாரோ வேண்டும், தாரோ வேண்டும் என்று கூவுவது வழக்கமாயிற்று.

இது இம்லாக் நினைத்ததைவிட ஆழமான வேடிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்ந்தெடுக்கப்படுகிற பதினெட்டு வயதுப் பையன் ஒவ்வொருவனும் ஓரளவு தாரோதான். அவன் பெயரில் ரசிகர்கள் ஒரு கற்பனைப் பாத்திரத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு நிஜப் பையன் வந்து அந்தப் பாத்திரத்தைக் கெடுக்கிறான். டேய்க் 616 ஆட்டங்களில் 129 கோல் போட்டார். சாதாரண மனுஷனுக்கு அது ஒரு கௌரவமான வாழ்க்கை. அவரைத் தோல்வியின் உதாரணமாகத்தான் இன்றும் சொல்கிறார்கள். அவர் எதில் தோற்றார்? பிறர் எழுதிய ஒரு கதையில். இந்தப் பையன்களுக்கு எந்த ஊருக்குப் போவது என்பதில்கூடச் சொல்லில்லை. 1984-இல் தன் பெயர் அழைக்கப்பட்டபோது லெமியூ பிட்ஸ்பர்க்காரர்களின் மேஜைக்குப் போக மறுத்து உட்கார்ந்திருந்தார். சம்பளத் தகராறுதான் காரணம். இருந்தாலும், எழுதப்பட்ட பாத்திரம் ஒரு கணம் எழுத்தாளனைத் திரும்பிப் பார்த்ததுபோல அது எனக்குப் படுகிறது.

வரப்போகிற கவிஞனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, எழுதிக்கொண்டிருக்கும் கவிஞனைப் படிக்காமல் இருக்கிற விமர்சகர்களை நமக்குத் தெரியும். நானும் அப்படி இருந்திருக்கிறேன். அதனால் இந்தக் குற்றத்தை வெளியே நின்று பேசவில்லை.

இன்னொன்று, என் பிழைப்பு கற்றுக்கொடுத்தது. பாங்கில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு இருப்பதைக் கொடுத்து நாளையைக் கேட்டு ஜனங்கள் தினமும் வருகிறார்கள். அதில் அவமானம் எதுவுமில்லை. ஆனால் அடகு வைத்த வளையல் பெட்டகத்தில் அப்படியே இருக்கும். மீட்டால் அதே வளையல். தோல்வியை அடகு வைப்பதாக நினைக்கும் அணி எதை வைக்கிறது? ஜெயித்தே தீரவேண்டும் என்ற பழக்கத்தை. ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையை. இவற்றுக்குப் பெட்டகம் கிடையாது. திரும்பி வந்து கேட்கும்போது, கொடுத்த பொருள் அங்கே இருப்பதில்லை.

நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பஃபலோ 54 புள்ளிகளோடு கடைசியில் முடித்தது. பருவம் முடிந்த கையோடு பயிற்சியாளர் டெட் நோலனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஏப்ரல் 18-இல் நடந்த குலுக்கலில் 11.5 சதவீத வாய்ப்பே இருந்த எட்மண்டனுக்கு மக்டேவிட் போனார். பஃபலோவுக்கு ஐக்கெல். அவர் இருந்த வருஷங்களில் அணி ஒருமுறைகூட இறுதிச்சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெறவில்லை. 2021-இல் அவரை லாஸ் வேகஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2023-இல் அங்கே அவர் கோப்பையை ஏந்தினார். பஃபலோ 2012 முதல் 2025 வரை தொடர்ந்து 14 பருவங்கள் வெளியே நின்றது. எட்மண்டனும் மக்டேவிட்டை வைத்துக்கொண்டு 2024-லும் 2025-லும் இறுதிப்போட்டி வரை போய், இரண்டு முறையும் ஃப்ளாரிடாவிடம் தோற்றது.

இதைக் காட்டி 'பார், தர்மம் பழிவாங்கிவிட்டது' என்று சொல்வது எளிது. சொல்லமாட்டேன். பிட்ஸ்பர்க்கைத் தர்மம் பழிவாங்கவில்லையே. 171-வதாக பாவெல் தத்ஸ்யூக்கையும் 210-வதாக ஹென்ரிக் ஸெட்டர்பர்கையும் கண்டெடுத்து, அடிமட்டத்துக்குப் போகாமலே டெட்ராய்ட் 2008-இல் கோப்பையை வென்றது என்பதும் ஒரு நிரூபணமல்ல. அதே டெட்ராய்ட் 2020-இல் 39 புள்ளிகளோடு கடைசியில் நின்று, குலுக்கலில் நாலாவது தேர்வுக்குத் தள்ளப்பட்டது. குலுக்கலின் முடிவைக் கொண்டு ஒரு செயலின் நியாயத்தைத் தீர்மானித்தால் நாமும் கணக்குத்தான் போடுகிறோம். மக்டேவிட் பஃபலோவுக்கே வந்து, ஐந்து கோப்பைகள் வாங்கித் தந்திருந்தாலும், அந்த இரவைப் பற்றிய கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும்.

ஏனென்றால் அந்த இரவில் ஐஸ் மேல் சிலர் இருந்தார்கள். நிர்வாகம் அவர்களைத் தோற்பதற்கென்றே சேர்த்துவைத்திருந்தது. ஆனால் தோற்கச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர்கள் மூன்று கோல் போட்டுக் கூடுதல் நேரம்வரை இழுத்து வந்தார்கள். மொத்த ஏற்பாட்டிலும் இரண்டு மனசில்லாமல் இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். தங்கள் வீட்டிலேயே தங்கள் தோல்விக்கு எழுந்த ஆரவாரத்தை அவர்கள் காதால் கேட்டார்கள். ஆட்டம் முடிந்தபின் சிலர் அந்த மனத்தாங்கலைப் பத்திரிகையாளர்களிடம் மறைக்கவுமில்லை.

ஆகவே நண்பனுக்கு என் பதில் இதுதான். தோல்வியை ஏற்றுக்கொள்வது வேறு. மனசுக்குள் அதை விரும்புவதுகூட வேறு. மனசுக்குள் என்னவெல்லாமோ நடக்கிறது, அதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் யாரும் தேறமாட்டோம். ஆனால் கைதட்டல் ஒரு செயல். அது ஒருவன் காதில் போய் விழுகிறது. நீ இன்னும் வராதவனுக்காகக் கைதட்டினாய். அவனுக்கு அது கேட்கவில்லை. கேட்டது, உனக்காக ஆடிக்கொண்டிருந்தவனுக்கு.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். அன்று பஃபலோவுக்காகக் கோல் போட்டவர்கள் யார் யார் என்று கேட்டேன். நினைவில்லை என்றான். ஸாம் காக்னர் பெயர் மட்டும் நினைவிருந்தது. அந்தக் காக்னரும், 2007-இல் எட்மண்டன் முதல் சுற்றில் ஆறாவதாகத் தேர்ந்தெடுத்தபோது வரப்போகிறவனாக இருந்தவர்தான்.