கடை மூடிற்று; கடன் மூடிற்றா?

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பூட்டிய மரக்கதவுகளோடு நிற்கும் ஒரு பெருங்கடையைக் கடக்கும்போதெல்லாம் எம் வயதினர் ஒரு கணம் நடை தளர்வர். துணி, மளிகை, பித்தளைப் பாத்திரம், அரிக்கேன் விளக்கு, பள்ளிப் புத்தகம், காலணி யாவும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த இடம் அது. 1863-இல் தோன்றிச் சென்னை மவுண்ட் ரோட்டில் பேர்பெற்று விளங்கிய ஸ்பென்சர் கடையைப் பற்றி எம் மாமன் வியந்து பேசுவார்; கண்டறியாத அந்த ஸ்பென்சரை யாம் இக்கடையின் உருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

சம்பள நாளன்று தந்தையாரின் விரல் பற்றி உள்ளே நுழைந்தால், மண்ணெண்ணெயும் புதுத்துணியும் வறுத்த காப்பிக்கொட்டையும் கலந்த ஒரு மணம் எழும். கண்ணாடிப் பேழைக்கு அப்பால் சிவப்புத் துணியிட்ட பேரேடு விரிந்திருக்கும். அதில் தந்தையார் பெயருக்கு ஒரு பக்கம்; பெயருக்கு மேலே எம் லைன் வீட்டின் எண். முதலாளி பழைய வரிகளை அடித்துவிட்டு, எம் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைப்பார். பணம் போதாத ஓர் ஆண்டில், அன்னையார் பாடப்புத்தகத்தை மேசைமேல் திருப்பி வைத்தபோது அவர் கூறிய சொல் இன்றும் நினைவிலுள்ளது: “பிள்ளை எடுத்துப் போகட்டும் அம்மா. சம்பளம் எங்கே போய்விடும்?”

அது போயிற்று. நூறாண்டுக்கு மேலாக நடந்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அன்றுவரை சுரங்கத்தில் இருந்தவர் எம் தமையனார். அதன்பின் எட்டுத் திங்கள் அக்கடையிலிருந்தே அரிசியும் எண்ணெயும் கடனாக எம் இல்லம் வந்தன. எம் தெருவில் பலருக்கும் அவ்வாறே. பின்னர் தமையனார் பெங்களூருவில் காவற்பணி தேடிக்கொண்டார். மூன்றாண்டுகள் கழித்துக் கடை மூடிற்று, முதலாளியும் காலமானார். எம்மிடம் எஞ்சியது ஒரு சிறு கைக்கணக்கு நோட்டு. அதன் கடைசி வரி 1,840 ரூபாய்.

இதனை அண்மையில் அன்பர் ஒருவரிடம் கூறினோம். அவர் நகைத்து, “எல்லாம் அநித்தியம் என்று ஓதுகிறீர், கடை இல்லை, கொடுத்தவர் இல்லை, வாங்கிய மனிதரும் அன்றிருந்தவர் அல்லர். கடன் மட்டும் நித்தியமோ?” என்றார். கூரிய வினாதான். ஓரிரவு எம்மை உறங்கவிடவில்லை.

இதே வழக்கு மிலிந்த மன்னர்க்கும் நாகசேனத் தேரர்க்கும் நிகழ்ந்த உரையாடலிலே வந்திருக்கிறது. மாங்கனி திருடியவன், ‘இவன் நட்டது வேறு கனி, யான் எடுத்தது வேறு கனி’ என வாதித்தால் குற்றம் நீங்குமோ என்று தேரர் வினவுகிறார். நட்ட கனியைச் சார்ந்தே பறித்த கனி தோன்றிற்றாதலின் நீங்காது. அரிசியை உண்ட உடல் மாறியிருக்கலாம். அவ்வரிசியாலன்றோ இவ்வுடல் இன்றளவும் வந்தது?

அநித்தியத்தை நாம் எங்கெல்லாம் நினைவுகூர்கிறோம் என்பதும் பார்க்கத்தக்கது. பிறர் நமக்குத் தரவேண்டியது பற்றி ஒருவரும் அநித்தியம் பேசக் கேட்டதில்லை. பகவான் புத்தர் அநாதபிண்டிகருக்கு இல்லறத்தான் எய்தும் நால்வகை இன்பங்களை உரைத்தபோது, கடனின்மையையும் ஓர் இன்பமாக வைத்தார். கேட்டவர் யார்? வணிகர்க்குப் பதினெட்டுக் கோடி கடனீந்து, அது திரும்பாது வறுமையுற்றவர் என்று தம்மபத உரை கூறும் அதே அநாதபிண்டிகர். கொடாதவர் பெயர்களை அவ்வுரை குறிக்கவில்லை. அவர்களும் தத்தம் ஊரில் நல்லவர்களாகவே வாழ்ந்திருப்பர்.

மற்றொரு வாதமும் உண்டு. நாற்பது ஆண்டு எம் தெருவின் கூலியில்தானே அக்கடையின் மேல்மாடி எழுந்தது? தூசியில் நுரையீரல் இழந்தவர் நாம், இலாபம் கண்டவர் அவர். நிறைகோல் சற்றே அவர் பக்கம் சாய்ந்ததுண்டு என்று எம் அன்னையாரே கூறியிருக்கிறார். அதை இங்கே மறைத்தல் வாய்மையாகாது. ஆயினும் தூசியை அவர் தரவில்லை. கூலி நின்ற பின் தந்த எட்டுத் திங்கள் அரிசியில் இலாபமும் இல்லை. அப்போது அவர் தராசைப் பார்த்ததாகவே எமக்குத் தோன்றவில்லை.

எம்மை உறுத்துவது இதுவே: இத்தனை ஆண்டுகளாக அக்கடையின் மணத்தையும் மிட்டாயையும் எத்துணை இனிமையாகப் பேசிவந்தோம்! பேரேட்டை ஒருமுறையும் பேசவில்லை. நினைவு தனக்கு வேண்டிய சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியேறிவிட்டது.

முதலாளியின் இளைய மகன் மாலூரில் சிறு கடை நடத்துவதாகக் கேள்வி. பெங்களூரு செல்லும் வண்டி அங்கே நிற்கும். வரும் ஞாயிறு இறங்குவதாக இருக்கிறோம். நோட்டு பையில் இருக்கிறது. வட்டி சேர்ப்பதா என்பதில் மட்டும் எமக்கும் தமையனாருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.